ஊர் விதையின் சத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து, செங்காட்டுப்பட்டி நல்லுசாமி நடந்தால் கடலை குலுங்கும் சத்தம் கேட்டது. முற்றிக் காய்ந்த நிலக்கடலைக் காயைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு தொலியில் முட்டிக் கிலுகிலுவென்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம்தான். ஆனால் ஒரு காயின் சத்தம் இல்லை, ஏறக்குறைய நாலு மரக்கால் காயின் சத்தம். நின்றால் நின்றது, உட்கார்ந்தால் அடங்கியது, இருமினால் இரண்டு மூன்று காய் மட்டும் உருண்டது. வேட்டியை உதறிப் பார்த்தார்கள், மடியை அவிழ்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. சத்தம் விலாவுக்குள்ளிருந்து வந்தது. அந்த வாரம்தான் மூன்று வருஷத்துக்குப் பிறகு ரெட்டியார்சத்திரம் பக்கம் உருப்படியாக ஒரு மழை பெய்திருந்தது. அதனால் ஊர்க்காரர்கள் மழையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டிப் பழனி ரோட்டில் போய் இடது பக்கம் இறங்கினால் வருவது செங்காட்டுப்பட்டி. நாற்பது வீடு. பெயரில் இருக்கிற செம்மண்தான் சொத்து, அதில் கடலை மட்டும் மனம் விட்டு விளையும். மழை பொய்த்த வருஷங்களில் நாற்பது வீடும் கூடி ஒரு முடிவு எடுத்தன. அவரவர் வீட்டில் வைத்தால் பசிக்கு விதையைத் தின்றுவிடுவோம், நம்மை நாமே நம்புவதற்கில்லை, ஆகவே விளைந்த கொஞ்சத்தில் வீட்டுக்கு நாலு படி காயை ஓரிடத்தில் போட்டு வைப்போம், மழை வந்ததும் பிரித்துக்கொள்வோம் என்று. அதற்கு ஊர் விதை என்று பெயர். போட்டு வைக்க நல்லுசாமி வீட்டுக் குலுக்கையைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கை என்பது ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த தானியக் கூடு, அது பல வீட்டில் இருந்தது. ஆனால் நல்லுசாமி கிணற்றில் மட்டும்தான் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, அவர் வீட்டில் மட்டும்தான் தினம் கம்பங்கஞ்சி கொதித்தது. பசிக்காதவன் வீட்டில் விதை பத்திரமாக இருக்கும் என்று நாற்பது வீட்டு மூளையும் சேர்ந்து முடிவு கட்டியது. பசி வேறு, நாக்கு வேறு என்று தெரியாத ஊர்.

நல்லுசாமி முதலில் உடைத்தது ஒரே ஒரு காய். விதை பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க மாதத்துக்கு ஒரு தடவை ஒரு காயை உடைத்து வாயில் போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதில் குற்றம் இல்லை. மார்கழியில் பார்த்தார், நன்றாக இருந்தது. மறுநாளும் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. தையில் நாலைந்து, மாசியில் ஒரு கை, பங்குனியிலிருந்து தினம் ஒரு கை. கிணற்றடிக்குப் போய், ஊருக்கு முதுகைக் காட்டி நின்று தின்று, தொலியை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வருவார். தின்று முடித்ததும் ஒவ்வொரு நாளும் வெட்கமாக இருந்தது என்று பின்னால் அவரே சொன்னார். வெட்கம் சாயங்காலம் வரைக்கும் இருக்குமாம், காலையில் எழுந்தால் இருக்காதாம். இப்படி எட்டு மாதத்தில் நாலு வீட்டு விதை அவர் வயிற்றுக்குள் போய்விட்டது. குலுக்கையின் வாய் மேலே இருக்கிறது, ஆழம் யாருக்கும் தெரியாது.

மழை பெய்ததும் விதை உடைக்கிற வேலை தொடங்கியது. விதைக் கடலையை மிஷினில் கொடுக்க முடியாது, பருப்பின் மேல்தோல் கீறினாலே முளைக்காது. பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு காயாகக் கையால்தான் நசுக்கி எடுக்க வேண்டும். இருபது பெண்கள் நல்லுசாமி வீட்டு வாசலில் ஐந்து நாள் உட்கார்ந்தார்கள். பருப்பு கையில் உருளும்போது வாய் சும்மா இருக்குமா? அதற்குத்தான் கொப்பளிப்பு என்று ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து போகும்போது வாசலோரத்தில் வெட்டிய சின்னக் குழியின் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். நல்லுசாமியின் மனைவி அய்யம்மாள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். வாய் கொப்பளித்துக் குழியில் துப்ப வேண்டும். பச்சைக் கடலை தின்ற வாயிலிருந்து தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வரும். வெற்றிலை போட்டவர்களுக்குச் சிவப்பாக வரும், சிவப்பில் வெள்ளை தெரியாது. இந்த உண்மை இருபது பெண்களுக்கும் தெரியும். ஆகவே வெற்றிலை வாங்க வழியுள்ள எல்லோரும் அந்த ஐந்து நாளும் வெற்றிலை போட்டார்கள்.

ஐந்தாம் நாள் பருப்பை அளந்தபோது நாலு வீட்டுப் பங்கு குறைந்தது. எலி என்று சொல்லியிருக்கலாம், ஆனால் எலி தின்றால் குலுக்கையில் தொலி கிடக்கும், கிடக்கவில்லை. கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்லுசாமிதான் முதலில் வாய் திறந்தார். இன்றைக்குக் கொப்பளிப்பைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றார். வரிசையில் பதினோராவதாக வந்தவள் பேச்சாயி. இருபத்தாறு வயது, முந்தின வருஷம்தான் காய்ச்சலில் புருஷனைக் கொடுத்திருந்தாள், ஐந்து வயதில் சண்முகவள்ளி என்று ஒரு பெண் குழந்தை, ஊருக்குத் தெற்கே அரைக் குறுக்கம் நிலம். வெற்றிலை போடவில்லை. அவள் துப்பியது வெள்ளையாக வந்தது.

நல்லுசாமி குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கடலை என்றால் தண்ணீரில் கலைந்து போகும். இது பசையாக நூல் விட்டது. புளியங்கொட்டை. வறுத்து, ஊற வைத்து, மேல்தோலை உரித்து, காலையிலிருந்து வாயிலேயே அடக்கி மென்றுகொண்டிருந்தால்தான் இப்படி வரும். பழனி ரோட்டுப் புளியமரத்தடியில் பொறுக்கிய கொட்டை, வீட்டில் உலையில் போட எதுவும் இல்லாதவர்கள் தின்பது. அவர் தலையைத் தூக்கினார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது பேச்சாயிக்கும் தெரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர், "கடலை" என்றார்.

பேச்சாயி மறுக்கவில்லை. அவள் கூடப் பிறந்தவர்கள் நிலக்கோட்டைப் பக்கம் இரண்டு ஜோடி மாடு வைத்து உழுகிறவர்கள். தங்கச்சி புளியங்கொட்டை தின்று பிள்ளைக்கும் அதையே கொடுக்கிறாள் என்ற செய்தி அவர்கள் காதுக்குப் போவதைவிட, ஒரு கை கடலையைத் தின்றுவிட்டாள் என்று போவது அந்த நேரத்தில் அவளுக்குக் குறைந்த வெட்கமாகப் பட்டது. இதைப் பேச்சாயி தன் எழுபத்தெட்டாவது வயதில் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லி, "இனி எழுதிக்கப்பு, அண்ணன்மாரு யாரும் உசுரோட இல்ல" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு பொம்பளை ஐந்து நாளில் நாலு வீட்டு விதையைத் தின்ன முடியுமா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. குற்றவாளி கிடைத்தபின் எவன் கேள்வி கேட்பான்? அவள் பங்கு விதையை நிறுத்தினார்கள், அரைக் குறுக்கமும் அந்த வருஷம் வெறும் மண்ணாகக் கிடந்தது. மற்ற மூன்று வீட்டுக்கு எல்லோரும் ஆளுக்கு ஒரு கை விட்டுக்கொடுத்தார்கள். தீர்ப்புச் சொல்லிவிட்டு நல்லுசாமி வீட்டுக்குள் போகத் திரும்பினார். மூன்றாவது எட்டில் சத்தம் தொடங்கியது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அவர் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார். பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவர் பலமாகக் குலுங்கினார். கண்டக்டர் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடி, "மூட்டைய எங்கண்ணே வச்சிருக்கீங்க, லக்கேஜ் போடணும்" என்றார். மூட்டை இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை, லக்கேஜ் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். டாக்டர் குழாயை விலாவில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், இரண்டு தடவை குதிக்கச் சொன்னார். வாயு என்று எழுதி, கலங்கலாக ஒரு மிக்ஸர் கொடுத்தார். திரும்பும் வழியில் நல்லுசாமி தன் கடலையை வழக்கமாகப் போடும் மண்டிக்குள் நுழைந்தார். மண்டிக்காரர் பக்ருதீன், சாக்கை அவிழ்க்காமல் ஒரு உதை விட்டுச் சத்தத்தை வைத்தே எந்த ஊர்க் காய், எத்தனை வெயில் காய்ந்தது என்று சொல்லக்கூடியவர். "அண்ணே, செத்த நேரம் நடங்க" என்றார். நல்லுசாமி மண்டிக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். பக்ருதீன் கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டு பருப்புக் காய். நல்லா முத்துனது. ஆனா மில்லுக்குப் போற சரக்கு இல்லண்ணே இது, வெதைக்கு எடுத்து வச்சது. ஒரு காட்டு வெளச்சலும் இல்ல, நாப்பது காட்டுது கலந்து கெடக்கு." சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தவர் நல்லுசாமியின் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, டீ சொல்லவா என்று மட்டும் கேட்டார். நல்லுசாமி டீ குடிக்காமல் வந்துவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்த மண்டிப் பக்கம் போகவில்லை, விளைச்சலை யாரிடமாவது கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஊர் அந்தச் சத்தத்தை என்ன செய்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த வருஷம் மழை நிற்காமல் பெய்தது, கார்த்திகையில் கடலை செடிக்கு நாற்பது காய் பிடித்தது. நல்லுசாமிக்குச் சத்தம் வந்த வாரம்தான் மழையும் வந்தது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான், கடலைச் சாமி அவர் உடம்பில் இறங்கியிருக்கிறது என்று ஆகிவிட்டது. அப்படி ஒரு சாமி அதற்கு முன்னால் எங்கள் ஊரில் கிடையாது. மறு வருஷத்திலிருந்து விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு காட்டிலும் அவர்தான் முதலில் குறுக்கே நடக்க வேண்டும், அவர் குலுங்கக் குலுங்கப் பெண்கள் குலவை போடுவார்கள். அவர் நிலத்தைப் பார்த்தபடி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடப்பார். "எம்புட்டு அடக்கம் பாரு மனுசனுக்கு" என்பார்கள். ஊர் விதையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினார். அதையும் அடக்கம் என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவராக நில்லுங்கள் என்று வந்தார்கள், மாட்டேன் என்றார், அதுவும் அடக்கம். மரியாதை கூடக் கூட அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடலையை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை, கடலை எண்ணெயில் தாளித்த வெஞ்சனத்தைக்கூட ஒதுக்கினார். அய்யம்மாள் நல்லெண்ணெய்க்கு மாறினாள், ஏனென்று கேட்கவில்லை.

பேச்சாயியைக் கடலை உடைக்க யாரும் கூப்பிடவில்லை. அவள் பெயருக்கு முன்னால் விதை தின்னவள் என்று ஒரு ஒட்டு சேர்ந்தது, எந்தப் பேச்சாயி என்று கேட்டால் அதுதான் அடையாளம். அவள் பழனி ரோட்டோரத்துப் புளியமரங்களுக்குப் போனாள். பழம் குத்தகைக்காரர்களுக்கு, கொட்டை யாருக்கும் வேண்டாம். பொறுக்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டி, நூலுக்குக் கஞ்சி போடும் மில்களுக்குக் கொட்டை வாங்கும் ஏஜெண்டிடம் போட்டாள். ஐந்தாறு வருஷத்தில் ஓட்டு வீடு கட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். தன் அரைக் குறுக்கத்தில் கொள்ளும் ஆமணக்கும் போட்டாளே தவிர, கடலை போடவில்லை. நல்லுசாமி ஒரு தடவை ஒரு மூட்டை கம்பை அவள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தார். அவர் வந்ததும் போனதும்தான் தெருவுக்கே கேட்குமே. அவள் மூட்டையை அவிழ்த்துத் தெருக் கோழிகளுக்குக் கொட்டினாள், மூன்று நாள் கோழிகள் வேறெங்கும் போகவில்லை. அவர் தெருவில் வரும் சத்தம் கேட்டால் அவள் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவர் சொல்ல முயலாமல் இல்லை. ஐம்பத்தாறாம் வருஷம் கோயில் கொடையில் ஊர் கூடியிருக்கும்போது எழுந்து நின்று, "நான்தான்..." என்று தொடங்கினார். உடம்புக்குள்ளிருந்த நாலு மரக்காலும் ஒரேயடியாகக் குலுங்கி அடுத்த வார்த்தையை மூழ்கடித்துவிட்டது. சாமி வந்துவிட்டது என்று நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசி உட்கார வைத்தார்கள். ஐம்பத்தொன்பதில் ஒரு தடவை, அறுபத்திரண்டில் ஒரு தடவை, அதே கதைதான். சத்தம் என்னைச் சொல்ல விடவில்லை என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். திருநீற்றைப் பூசியதும் உள்ளுக்குள் அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்ததையும் அவரே ஒப்புக்கொண்டார்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம் சண்முகவள்ளியைப் பெண் கேட்டு வந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் உள்ள குடும்பம், பையன் பூக்கூடைகளை வேனில் ஏற்றி மதுரைக்கு அனுப்புகிறவன். பெண்ணைப் பிடித்துவிட்டது, நாள் பார்ப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் தாய்மாமன் சோலைமுத்து, முறைப்படி ஊரில் நாலு பேரிடம் விசாரிக்க வந்தார். டீக்கடையில் ஒருவன், விதை தின்ன வீடா என்று கேட்டுவிட்டான். சோலைமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விவசாயக் குடும்பத்தில் விதை தின்றவள் என்றால் அதற்கு மேல் ஒரு வசை கிடையாது. ஊரிலேயே மரியாதையான ஆள் யார் என்று கேட்டு, நேராக நல்லுசாமியிடம் வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

பதின்மூன்று வருஷமாக அவர் காத்திருந்த நேரம் அது. குலுங்காமல் உட்கார்ந்திருந்தார், எதிரில் ஒரே ஒரு ஆள், குலவை இல்லை, திருநீறு இல்லை. நல்லுசாமி தொண்டையைச் செருமி, நல்ல குடும்பம், தாராளமாக எடுக்கலாம் என்றார். அப்படியென்றால் அந்த விதை விஷயம் என்று சோலைமுத்து இழுத்தார். நல்லுசாமி, "அது பழைய கதையப்பா. பஞ்ச காலம். மன்னிச்சு விட்டாச்சு" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று சோலைமுத்து கும்பிட்டுவிட்டுப் போனார். பஸ்ஸில் போகும்போது, மன்னித்தார்கள் என்றால் தின்றது நிஜம்தானே என்று யோசித்திருப்பார் போல. மூன்றாம் நாள், ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் பேச்சாயி நல்லுசாமி வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொப்பளிப்புக் குழிக்கு இந்தப் பக்கம் அவள் கால் வைத்துப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. சத்தம் போடவில்லை. அய்யம்மாள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைய மன்னிக்க நீங்க யாருண்ணே?" என்றாள் பேச்சாயி.

அவர் தலையைக் குனிந்தார், அவள் விடவில்லை. "குனிஞ்சு பாத்தது நீங்க. என்னத்தப் பாத்தீங்கன்னு உங்களுக்குத் தெரியும். வெதை எங்க போச்சுன்னு நீங்க தெருவுல நடந்தாலே எனக்குக் கேக்குது. இத்தன வருசம் திருடின்னு இருந்துட்டேன், அது நான் வாய மூடுனதுக்குக் கூலி. ஆனா எம்புள்ள, மன்னிச்சு விட்ட திருடி மகன்னு ஒரு வீட்டுக்குப் போக வேணாம்." பிறகு குரலைத் தணித்து, "நீங்க தின்னதச் சொல்லுங்க. நான் தின்னதச் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லுசாமி நிமிர்ந்தபோது அய்யம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானம் என்றால் என்னவென்று அதுவரை தனக்குத் தெரிந்ததெல்லாம் கொசுறு என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

ஆடி பிறந்து அந்த வருஷத்து விதையை உடைக்க இருபது பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் நாள் வேலை முடிந்து, வெயில் தாழ்வதற்கு முன்னால் குழியோரம் வரிசை நின்றது. கடைசிப் பெண் துப்பிவிட்டு நகர்ந்ததும், நல்லுசாமி குலுங்கிக்கொண்டே வந்து அவள் நின்ற இடத்தில் நின்று, கையைக் குவித்து நீட்டினார். பெண்கள் சிரித்தார்கள், சாமி விளையாடுகிறது என்று நினைத்தார்கள். அய்யம்மாள் சிரிக்கவில்லை. செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். அவர் கொப்பளித்துத் துப்பினார். பால் மாதிரி வெள்ளையாக வந்தது. பதின்மூன்று வருஷமாகக் கடலையைத் தொடாத வாய் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபடியும் ஊற்றினாள், மறுபடியும் வெள்ளை. செம்பு காலியாகிக் குடத்தைக் கொண்டுவந்தார்கள். அதுவும் காலியாகி இரண்டாவது குடம் வந்தது. குழி நிறைந்து வெள்ளையாக வாசலில் வழிந்து, உட்கார்ந்திருந்த பெண்களின் சேலை நுனிவரைக்கும் போனது. அதற்குள் ஊர் கூடிவிட்டது. அவர் வாயைத் துடைத்தார். உடம்புக்குள் ஒரு காய்கூட அசையவில்லை, அவ்வளவு அமைதியாக இருந்தது. "அன்னிக்கு வெதையத் தின்னது நான். பசிக்குத் தின்னல, ருசிக்குத் தின்னேன். அந்தப் புள்ள தலையில போட்டேன்" என்றார். கடைசி வரிசைவரை கேட்டது.

பிறகு ஒச்சம்மாள், அன்றைக்குப் பேச்சாயிக்கு அடுத்து வரிசையில் நின்றவள், வெடுக்கென்று கேட்டாள். "அப்ப அவ துப்புனது வெள்ளையா வந்துச்சே, நான் கண்ணால பாத்தேனே. அது என்னது?" எல்லோரும் நல்லுசாமியைப் பார்த்தார்கள். அவர் குழியைப் பார்த்தார். "வெள்ளையா வரல. சுத்தத் தண்ணிதான் வந்துச்சு. நான் வெள்ளைன்னு சொன்னேன், நீங்களும் அப்படியே பாத்துட்டீங்க" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் இது ஒன்றைத்தான் நான் குறை சொல்ல மாட்டேன். ஒச்சம்மாள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்தத் தண்ணீர் அவள் ஞாபகத்தில் தெளிந்துகொண்டே வந்தது. சாயங்காலத்துக்குள் அன்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெளிந்துவிட்டது, குழியின் அடிமண் தெரிந்ததாகச் சத்தியம் செய்தார்கள். தெளிந்தபின் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நானும் தின்னேன், வெற்றிலையைப் போட்டு மறைத்தேன் என்று முதலில் சொன்னது ஒச்சம்மாள்தான். அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்தாள். நாங்கள் எல்லோரும், அன்று பிறந்தே இராதவர்கள்கூட, அந்த ஆடி மாதம் முழுக்க நிலத்தைப் பார்த்துத்தான் நடந்தோம்.

ஊர் மொத்தமும் பேச்சாயி வீட்டுக்குப் போனது. அவள் வாசலில் புளியங்கொட்டையைக் காயப் போட்டுக் காலால் கிளறி விட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். பதின்மூன்று வருஷத்துக்கு என்ன சொல்லி முடிக்க முடியும், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். நல்லுசாமி கடைசியில் நின்றார். அவள் அவரைப் பார்த்து, தன் கொட்டை விஷயம் வெளியே வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டாள். "சரி. கொட்டைய மிதிக்காம நில்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நல்லுசாமி மறுநாள் முதல் பஸ்ஸில் நிலக்கோட்டைக்குப் போய் மல்லிகைத் தோட்டத்து வரப்பிலேயே நின்று சோலைமுத்துவிடம் நடந்ததைச் சொன்னார். ஜாதகம் மறுபடியும் சரியாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். நல்லுசாமி பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், பேச்சாயி மற்றவர்களுக்குப் போட்ட மாதிரியே அவர் இலையிலும் போட்டுக்கொண்டு போனாள்.

ஒப்புக்கொண்டால் சத்தம் நின்றுவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவரும் எதிர்பார்த்தார். நிற்கவில்லை. வாசலிலிருந்து திரும்பி வீட்டுக்குள் நடந்த மூன்றாவது எட்டிலேயே திரும்பவும் வந்துவிட்டது. தின்ற கடலை எங்கே போகும்? குலவையை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கொப்பளிப்புக் குழியை மண் போட்டு மூடினார்கள், அதற்குப் பிறகு செங்காட்டுப்பட்டியில் எந்தப் பெண்ணையும் வாயைக் கொப்பளித்துக் காட்டச் சொன்னதில்லை. அறுபத்தாறாம் வருஷத்திலிருந்து ஊர் விதை பேச்சாயி வீட்டுக்கு மாறியது, காயாகவே பிரித்துக்கொண்டு போய் அவரவர் வீட்டில் உடைத்தார்கள். அவள் அந்த வருஷம்தான் தன் அரைக் குறுக்கத்தில் திரும்பவும் கடலை போட்டாள்.

விதை வாங்கும் நாளில் நல்லுசாமியும் மற்றவர்களோடு வருவார். சத்தம் தெருமுனையில் கேட்டதும் பேச்சாயி படியை எடுத்து வைப்பாள். அவர் பங்குக் காயை அளந்து சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுப்பாள். வாங்கிக்கொண்டு அவர் போகமாட்டார், வாசலோரத்தில் போய்க் கையைக் குவித்துக்கொண்டு நிற்பார். யாரும் கேட்பதில்லை, அவராகத்தான் நின்றார். அவள் செம்பைக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றுவாள். கொப்பளித்துத் துப்புவார். அறுபத்தாறில் வெள்ளையாக வந்தது. அறுபத்தேழிலும் வந்தது. அறுபத்தெட்டிலும். அறுபத்தொன்பதில் அவருக்கு முதுகு வளைந்துவிட்டது, கொப்பளிக்கும்போது தண்ணீர் பாதி மேல்துண்டில் வழிந்தது.

பேச்சாயி குனிந்து பார்த்தாள். "இன்னும் வெள்ளையாத்தான் இருக்குண்ணே."

"இருக்கட்டும் தாயி" என்றார்.

சாக்கை அவளே ஒரு கை பிடித்து அவர் தலையில் தூக்கிவிட்டாள். அவர் நடந்தார். தலையில் இருந்த காயும் குலுங்கியது, அவரும் குலுங்கினார். எது எதன் சத்தம் என்று தெருவில் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.